மல்லாட்டைக் கொல்லையில் ஒரு கோடு

12-8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். திண்டிவனத்தில் ரயில் தாமதம். விழுப்புரத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆபீஸ் போனால் வாசலிலேயே மேனேஜர். "ரயில நீதான் ஓட்டிக்கினு வந்தியா?" ஜோக்காம். நான் சிரிக்கவில்லை.

பிரம்மதேசம் தாண்டி ஒரு கிராமம், இன்று அதன் வரைபடம். போன வருஷம்வரை ட்ரோன் படத்தின் மேல் நானே ஒவ்வொரு கோடாகப் போடுவேன். மணிக்கட்டு போனதுதான் மிச்சம். இப்போது சாஃப்ட்வேர் தானாகப் போட்டுவிடுகிறது. சரியா தப்பா என்று பார்ப்பது மட்டும் என் வேலை. வரைகிறவளாகச் சேர்ந்தேன், அழிக்கிறவளாகிவிட்டேன்.

அது போடும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல. பனைமர நிழல் ரோடாம். காயப்போட்ட தார்ப்பாய் குளமாம். அப்புறம் ஒரு கோடு. இடுகாட்டில் ஆரம்பித்து மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது வேர்க்கடலை நிலத்துக்குள், வருகிறது, நடுவில் சின்னதாக ஒரு வட்டம், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. பழைய சர்வே படத்தில் அங்கே பாதை இல்லை. ட்ரோன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் பச்சை. அழித்தேன்.

வாங்க: துணி சோப்பு, கொசுவத்தி, மணிக்கட்டுக்குத் தைலம்.

14-8, வியாழன்

நேற்று மாலை மழை, இன்று பளிச். எங்கள் ஆபீஸில் ட்ரோன் விடும் சேகர், முதல் படத்தில் மேக நிழல் என்று நேற்றுக் காலை மறுபடி விட்டிருக்கிறான். புதுப் படத்தின் மேல் சாஃப்ட்வேரை மறுபடி ஓட்டினேன். அதே கோடு! அதே வட்டம். இந்த முறை கொல்லை நடுவில் நிற்கவில்லை, காலனியின் ஓரம்வரை வந்திருக்கிறது.

சேகரைக் கேட்டேன். "இல்லக்கா, அந்தக் கொல்லையில ஒரு ஈ காக்கா நடக்கல. நான் பாத்துக்கினேதான இருந்தேன்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பழசுல இல்லாதது புதுசுல எப்படிம்மா வரும்? ஜல்தியா அழிச்சிட்டு அடுத்தத பாரு. அந்த நிலத்த மனைக்கு வாங்கிட்டாங்க, வெள்ளாமை எடுத்ததும் காம்பவுண்டு சுவரு. படத்துல பாதைன்னு இருந்தா சுவத்துல வழி வுடணும். நமக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

அதட்டினால் எனக்கு வீம்பு வந்துவிடும், பிறவிக் குணம். 'நேரில் பார்க்க' என்று சிவப்புக் குறி வைத்தேன். விதியில் இடம் இருக்கிறது, ஒன்றும் சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

15-8, வெள்ளி

விடுமுறை. மிட்டாய் இல்லை, துணி மூட்டைதான். தைலம் வாங்க மறந்தாச்சு. பக்கெட்டில் துணி அலசும்போது தண்ணீர் சுழன்றது, அந்த வட்டம் ஞாபகம் வந்தது. ஆபீஸை வீட்டுக்குத் தூக்கி வராதே என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியாச்சு. சனியன் கேட்டால்தானே.

16-8, சனி

சேகர் வண்டியில் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கொல்லை முழுக்க மல்லாட்டைச் செடி, மஞ்சள் பூ. டேப்லெட்டைப் பார்த்து, சரியாகக் கோட்டின் மேல் போய் நின்றேன். இந்தப் பக்கமும் செடி, அந்தப் பக்கமும் செடி. என் காலடியிலும் செடி. தடம் என்று ஒரு சுவடு கிடையாது.

களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். பெயர் அஞ்சலை. காலனியில் வீடு.

"இன்னாமா தேடறீங்க?"

"இங்க பாதை ஏதாச்சும் இருக்குங்களா?"

"சாவு வுழுந்தா இருக்குது. இல்லாங்காட்டி இல்ல." கொல்லைக்காரர் பிணம் தூக்க மட்டும் வழி விடுவாராம், அந்தக் காலத்திலேயே வாய்ப்பேச்சாகப் பேசிவைத்தது. "மத்த நாள்ல யாரும் இதுல கால் வெக்க மாட்டோம். பயிரு வெச்சிடுவாங்க."

டேப்லெட்டைக் காட்டாமலே வழி கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். கோடு அப்படியே. வட்டம் வரும் இடத்தில் நிறுத்தி, "இங்க பாடைய எறக்கி, மூணு சுத்து சுத்தி, தல கால மாத்தித் தூக்குவாங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"செத்தவங்களுக்கு வழி கொழம்பணும் இல்ல? தெரிஞ்சா வூட்டுக்குத் திரும்பி வந்துடுவாங்களே."

கடைசியாக யாரைத் தூக்கிப் போனார்கள் என்று கேட்டது சேகர். கேட்டிருக்கக் கூடாது.

"எம் புள்ளதான். முருகன். தை மாசம், லாரி மோதி." களைக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கப்புறம் உழுதாச்சி, வெதச்சாச்சி."

உழுது விதைத்த மண்ணில் சாஃப்ட்வேர் எதைப் பார்த்தது?

அஞ்சலை என் பக்கத்தில் வந்தார். "சுவரு வெக்கறாங்களாமே. வெச்சிட்டா நாளைக்கி எங்கள எந்தாண்ட தூக்கிக்கினு போவாங்க? ஊர்த்தெரு வழியா வுட மாட்டாங்க. எங்கயோ படம் போடறீங்களாமே, அதுல இத்தப் போட்டுடுமா. உனக்குப் புண்ணியமா போவும்."

போடறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. ஆனால் அழிக்க மாட்டேன், இது நிச்சயம்.

18-8, திங்கள்

தலைவலி. மேனேஜரோடு சண்டை, ஜெயித்தேன். "உன் பேர்லயே போவட்டும், நாளைக்கு எவனாச்சும் கேட்டா நீயே பதில் சொல்லு" என்று கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்தது. கிராமம் முழுவதையும் மறுபடி ஓட்டினேன். கோடு இன்னும் நீண்டிருக்கிறது. காலனிக்குள் நுழைந்து, வீடுகளுக்கு நடுவே திரும்பி, ஒரு வாசலில் நிற்கிறது. நீலக் கதவு. சேகரின் போட்டோவோடு ஒத்துப் பார்த்தேன். அஞ்சலை வீடு.

வாய்க்காலில் தண்ணீர் போகும் திசை தெரிய அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். அது எல்லாக் கோட்டிலும் விழும். இந்தக் கோட்டிலும் விழுந்திருந்தது. ஆரம்பம் இடுகாடு. வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. முடிவு நீலக் கதவு.

சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது எந்தப் பக்கத்துலேர்ந்து வேணாலும் ஆரம்பிக்கும்க்கா. மெஷினுக்கு இன்னா தெரியும்?"

தெரியும்டா. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. முதல் நாள் கொல்லை நடுவில், அடுத்து காலனி ஓரம், இன்று வாசல்.

திருப்பிவிடலாம், ஒரு கிளிக்தான். பாதை எந்தத் திசையில் இருந்தாலும் அரசாங்கத்துக்குப் பாதைதான். நாளை ஊர்க்காரர்களுக்குக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். அதற்குள் திருப்பிவிடணும். மறக்காதே.

19-8, செவ்வாய்

மறந்தேன். காலையில் பஸ் கூட்டம், இட்லியும் இல்லை, கிராமத்துக்குப் போனதும் ஜனம் மொய்த்துக்கொண்டது. என் வூடு எங்க, என் கெணறு எங்க.

கடைசியில் அஞ்சலை வந்தார். "கோடு வந்துட்சாமா?" டேப்லெட்டைக் கொடுத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம், "இது இன்னா, முள்ளு முள்ளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எந்தப் பக்கம் போவுதுன்னு காட்டுறதுங்க" என்று உளறினேன்.

விரலை வைத்து அம்புக்குறியோடே வந்தார். இடுகாடு, வட்டம், கொல்லை, காலனி. அவர் வாசலில் விரல் நின்றது. எடுக்கவில்லை.

"தப்பா வந்திருக்குதுங்க. இப்பவே திருப்பிடறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. "வாணாம்மா. அன்னிக்கி அவங்க சுத்தறத தெருக்கோடில நின்னு பாத்துக்கினு இருந்தேன். சுத்தாதீங்கடா, என் புள்ளைக்கு வழி தெரியாம பூடும்னு கத்துனேன். மேளச் சத்தத்துல எவன் காதுலயும் வுழல."

திருப்ப நீட்டிய விரலை எடுத்துக்கொண்டேன்.

"இது இருந்தா சுவத்துல வழி வுட்டுதான ஆவணும்?"

"வுட்டுதான் ஆவணுங்க."

"அப்ப கட்டிக்கட்டும்." டேப்லெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கதவ தாப்பா போட்டுக்கினு இல்ல தூங்கறேன், பாவி. இன்னிலேர்ந்து தொறந்து வெக்கறேன்."

விழுப்புரம் வந்து அப்படியே அனுப்பிவிட்டேன்.