பரங்கிமலை ஏற்றத்தில் கால் ஊன்றியவன்

நேற்று அக்காவின் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் வாங்க தி. நகர் போனேன். கடைக்காரர் ஒரு எவர்சில்வர் குடத்தைத் திருப்பிக் காட்டி, "மூஞ்சியப் பாத்துத் தலை சீவலாம் தம்பி" என்றார். பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அந்தப் பளபளப்புக்குப் போனது உன் நெஞ்சு, மச்சி, என்று அவருக்குத் தெரியாது. அக்கா விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து நின்றேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் உனக்குப் பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. பக்கத்துக் கொட்டகையில் எனக்கு லேத். சுற்றும் சக்கரத்தில் நீ பாத்திரத்தை அழுத்தினால் கறுப்புத் தூசி கிளம்பி முகத்தில் அப்பும். மூக்கை மூட ஒரு கிழிந்த பனியன் துணி. சாயங்காலம் முதலாளி ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார். "இத்த துன்னா தூசியெல்லாம் எறங்கிடும்பா." அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பார். அவர் வெல்லம் தின்று நாம் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை நமக்குப் பரங்கிமலை. இருவருக்கும் உன் சைக்கிள் ஒன்றுதான். கிண்டி தாண்டும்வரை நான் மிதிப்பேன், மலை உன்னுடையது. டபுள்ஸ் வைத்து, இறங்காமல், உச்சியில் சர்ச் வாசல் வரை. கேரியரில் இருப்பவன் கால் தரையில் படக் கூடாது. முதல் வருடம் பாடிக்கொண்டே ஏற்றினாய்.

பிறகு இருமல் வந்தது. "ராயப்பேட்டை ஆஸ்பத்திரில ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம் மச்சி" என்றேன்.

"லீவு போட்டா மறுநாளு என் சக்கரத்துல வேற ஆளு நிப்பான். உன்ன மாரி ஒரு எருமைய வச்சிக்கினு மலை ஏறுறேன், எனக்கு இன்னாத்துக்கு எக்ஸ்ரே? எந்த வாரம் ஏற முடியலியோ, அந்த வாரம் நானே வரேன். போதுமா?"

அன்றிலிருந்து மலைதான் உனக்கு டாக்டர்.

மூன்று மாதம் கழித்து, கடைசி வளைவில் எழுந்து நின்று மிதித்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உன் மூச்சு துணி கிழிவதுபோலக் கேட்டது. சைக்கிள் நிற்கப் போனது. எதிரே இறங்கி வந்த நாலு பேர் நம்மையே பார்த்தார்கள். அவர்கள் முன்னால் நீ தோற்க வேண்டாம் என்று நினைத்தேன். இடது காலை மெல்ல இறக்கித் தரையை உந்தினேன். சைக்கிள் நகர்ந்தது.

மேலே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாய்: "கால கீழ வச்சியா?"

"இல்ல மச்சி. நீதான் இழுத்த."

"அப்ப நெஞ்சு நல்லாதான் கீது."

அடுத்த ஞாயிறும் ஊன்றினேன். அதற்கடுத்த ஞாயிறும். முதலில் கடைசி வளைவில்; போகப்போக இரண்டாவது வளைவிலேயே. ஒருநாள் என் காலைக் குனிந்து பார்த்தாய். "இன்னாடா, ஒரு செருப்பு மட்டும் இப்டி தேஞ்சிகீது?" பழசு என்றேன். சிரித்தாய், சிரிப்பு இருமலில் முடிந்தது. தெரிந்துதான் சிரித்தாயா? உனக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்ததா? இனி யாரைக் கேட்பேன்?

கடைசியில் உன்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க?" என்றார். மலை ஏறினோம்.

முதலாளி வந்து மாலை போட்டார். மறுநாள் காலை உன் சக்கரம் சுற்றியது. வெல்லம் வாங்கிப் போட்டவருக்கு ஒரு முகமூடி வாங்க மனசு வரவில்லை. அதைப் பட்டறை வாசலில் நின்று கத்தினேன், இன்னும் கத்துவேன். ஆனால் உன்னைத் தள்ளியது என் கால்.

உன் சைக்கிளை உன் அம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். உன் இடத்துக்கு வந்தவர் ஆரணிப் பக்கத்துக்காரர், இரண்டு குழந்தைகள். போன மாதம் இருமத் தொடங்கினார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். போன ஞாயிறு அவரைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போய், மிதிக்கச் சொல்லிவிட்டுக் கேரியரில் உட்கார்ந்தேன். இரண்டாவது வளைவில் அவருக்கு மூச்சு முட்டியது.

"லேசா ஒரு தள்ளு தள்ளுப்பா, ஏறிடலாம்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்ணே. நானும் லீவு" என்றேன்.

சைக்கிள் ஆடி ஆடி நிற்கப் பார்த்தது. என் இடது கால் பழக்கத்தில் துடித்தது. தூக்கியே வைத்திருந்தேன்.