புது யுகுலேலே வாங்கப் போன இடத்தில்

என் அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை, ஏன் என்று சொல்கிறேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், தண்ணீர்த் தொட்டிக்காக மாடி வீட்டுக்காரியோடு மறுபடி சண்டை, இந்தத் தடவை நியாயம் அம்மா பக்கம்தான், அப்படிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

என் யுகுலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டார், மூன்று மாதமாகக் கரகரக்கிறது என்று போனில் புலம்பினேன் அல்லவா. நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா, ஒட்டுப்பலகை வேண்டாம், முழு மரமா பாருங்க, பழசையும் கொண்டுபோய் ஒரே பாட்டை எல்லாத்துலயும் வாசிச்சுப் பாருங்க என்று சொன்னாய். சொன்னபடியே சலூனைப் பூட்டிவிட்டுப் போனேன். கடைக்காரப் பெண் ஐந்தாறு எடுத்து வைத்தாள். தேன் நிறத்தில் ஒன்று, பார்த்ததுமே மனசு ஒட்டிக்கொண்டது. வாசித்தேன், அதே கரகரப்பு. அடுத்ததிலும் அதே. கடையில் இருப்பதெல்லாம் மட்டம் என்று சத்தம்கூடப் போட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, என் பழையதை வாங்கி அதே பாட்டை வாசித்தாள். வாலு, அது கணீரென்று பேசியது. இதுக்கு என்ன சார் குறை, உங்க மோதிர விரல்தான் தந்தியை அழுத்த மாட்டேங்குது என்றாள். மறுபடி வாசித்தபடியே குனிந்து பார்த்தேன். விரல் தந்தி மேல் சும்மா கிடந்தது, நான் அழுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேன் நிறத்தில் இருந்ததை உங்களுக்காக எடுத்து வைக்கவா என்று கேட்டாள், வேண்டாம்மா என்று வந்துவிட்டேன்.

தந்தியை அழுத்துவது இடது கைதானே என்று நினைக்காதே. சவரத்தில் கத்தி வலது கையில் இருந்தாலும் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிப்பது இடது கைதான், பிடி தளர்ந்தால் கத்தி இறங்கிவிடும். அதற்கு முந்தின வாரம் போஸ்ட்மாஸ்டருக்குத் தாடைக்குக் கீழே கீறிவிட்டது, நீங்க தும்மிட்டீங்க சார் என்று பழியை அவர் மேலேயே போட்டேன். அவர் தும்மவே இல்லை. இப்போது தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொல்லி மெஷினில் முடி வெட்டும் வேலை மட்டும் செய்கிறேன், கத்தியை எடுக்கவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போய்க் காட்டினேன், அடுத்த மாதம் முதல் வியாழனன்று நரம்புச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கழுத்துல நரம்பு அழுந்தியிருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க என்றார். அந்த வேறு என்ன என்று கேட்காமலே சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புதுசு ஏன் வாங்கலை என்று அம்மா கேட்டாள், பிடிக்கலை என்றேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரி அவள் தூங்கினதும் போர்வைக்குள்ளே ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிப் பார்க்கிறேன்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழுங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கண்ணு, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், லீவு போட்டு வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். வா.

இப்படிக்கு,
உன் அப்பா