பள்ளிக்கூடத்து அட்டை

செப்டம்பர் 29, வியாழன்

பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கின் கூரை ஒழுகுகிறதாம். அங்கே நடக்கவிருந்த நவம்பர் வாக்குப்பதிவைத் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். சாவடிக்குத் தலைமை வழக்கம்போல நான்தான். இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று போன தேர்தலின்போதும் எழுதியிருக்கிறேன். வேதியியல் தேர்வுத்தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன.

அக்டோபர் 6, வியாழன்

கல்லூரி உணவகத்தில் மாரிசோல் கரண்டியும் கையுமாக நின்றாள். இட மாற்றத்தைச் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"ஃபயர் ஸ்டேஷன்லயா டீச்சர்? அங்க அந்த ஆளு இருப்பாரே."

வெண்டல். என் பக்கத்துப் பண்ணைக்காரன், சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரன். ரொட்டி வாங்கப் போனாலும் இடுப்பில் துப்பாக்கி தொங்கும். யாரையும் மிரட்டியதில்லை. ஆனால் இரண்டு வருடம் முன்பு ஆற்றுக்கு அக்கரையில், ஒரு கடையில் ஒருவன் சுட்டபோது, மாரிசோல் இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள் ஒளிந்திருந்தவள். யார் இடுப்பிலாவது துப்பாக்கி உறையைப் பார்த்தால் கூடையைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள்.

இந்த வசந்தத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. இது அவளுடைய முதல் வாக்கு.

தபாலில் போடேன் என்றேன். "இத்தனை வருஷம் காத்திருந்தது தபால்ல போடவா? நான் வரிசையில நிக்கணும் டீச்சர். நல்ல சட்டை போட்டுக்கிட்டு." பிறகு, குரலைத் தாழ்த்தி: "அந்தக் கடை விஷயம் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்னைப் பாவம்னு பாப்பாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லாமல் இருப்பதில் நான் தேர்ந்தவள்.

அக்டோபர் 14, வெள்ளி

பள்ளிக்கூடம் என்றால் துப்பாக்கி கூடாது, அது தெளிவு. வாசலில் அட்டையே தொங்கும். வெண்டலும் அங்கே வாக்களிக்க வெறும் இடுப்போடுதான் வருவான். தீயணைப்பு நிலையத்தில்?

மாவட்ட அலுவலகம்: "அது கட்டடத்துக்காரங்க முடிவும்மா." தீயணைப்புக் குழு: "எங்களால தடுக்க முடியாது, மாநிலச் சட்டம் விடாது." ஷெரீஃப் அலுவலகத்தில் ஓர் இளைஞன், மெல்லுவதை நிறுத்தாமலே: "யாரையும் பயமுறுத்தலைன்னா பிரச்சினை இல்ல மேடம்." பயந்தவர்கள் உள்ளேயே வரவில்லை என்றால் யாரைப் பயமுறுத்தியதாகக் கணக்கு? "அது... அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அக்கரை வேறு மாநிலம், அங்கே வாக்குச்சாவடிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியை விடமாட்டார்கள். பாலத்தைத் தாண்டினால் அதே மனிதன் குற்றவாளி. இங்கே நல்ல குடிமகன். நானும் படித்தவள்தான். சட்டத்தை மூன்று முறை வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது.

அக்டோபர் 23, ஞாயிறு

வேலியோரம் வெண்டலைப் பிடித்தேன். ஊதற்காற்று. அவன் மட்டும் மேல்கோட்டைத் திறந்து, வலப்பக்கத்தை உறைக்குப் பின்னால் செருகிக்கொண்டு நின்றான்.

"குளிரலையா?"

"குளிருது. பட்டன் போட்டா ஜெயில், லினெட்." சிரித்தான். வெளியே தெரிந்தால் உரிமையாம். கோட்டு மூடிவிட்டால் மறைத்து வைத்ததாகிவிடுமாம். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். "சீட்டுக்கு ஒரு நாள் வகுப்புல உக்காரணும். நமக்கும் வகுப்புக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமே, புரொஃபசர்."

தேர்தல் அன்று மட்டும் மூடிக்கொள்ள முடியாதா, சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்றேன்.

"யாருக்கு?"

"சிலருக்கு."

"அந்தச் சிலரை என்கிட்ட பேசச் சொல்லு. நான் என்ன கடிக்கவா போறேன்?"

வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன். என்ன பெண் நான்!

நவம்பர் 7, திங்கள்

மாரிசோல் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டாளாம். "வருவேன். அவர் இருந்தா கார்லயே இருப்பேன். பாப்போம்."

தூக்கம் வராது.

நவம்பர் 8, செவ்வாய். தேர்தல்

வரிசையாக எழுதுகிறேன்.

விடிவதற்குள் கெய்ல் வந்துவிட்டாள். ஓய்வு பெற்ற செவிலி, எத்தனையோ தேர்தலாக என்னோடு இருப்பவள். பள்ளியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, அம்புக்குறி, "இங்கே வாக்களிக்கவும்" என்று எல்லா அட்டைகளையும் வழக்கம்போல ஒட்டிக்கொண்டே போனாள். கதவில் அதையும் ஒட்டிவிட்டாள் — பள்ளிக்கூடத்து அட்டை. துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

பார்த்தேன். இங்கே அது வெறும் காகிதம் என்பது எனக்குத் தெரியும். கழற்ற வேண்டும் என்பதும் தெரியும். இரண்டடி எடுத்தும் வைத்தேன். அப்போது வெண்டல் காபிப் பொடியோடு வந்துவிட்டான்.

அட்டையைப் படித்தான். "ஓ. இன்னிக்கும் ஸ்கூல் கணக்குதானா?"

நான் என்ன சொன்னேன்? "ஒட்டியிருக்கே, வெண்டல்."

பொய் இல்லை. பொய் இல்லையா?

"வண்டிக்குள்ள வச்சா மறைச்சு வச்சதாகிடுமோ என்னவோ. வீட்டுலயே வச்சுட்டு வர்றேன். கூட்டம் குறையட்டும், அப்புறமா ஓட்டுப் போட்டுக்கறேன்." போய்விட்டான். நான் போய் அட்டையைக் கழற்றினேன். அவன் போன பிறகு. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாரிசோல் வந்தாள். வெள்ளைச் சட்டை, சிவப்புத் தோடு. வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வோர் இடுப்பையும். பிறகு வரிசையில் நின்றாள். வாக்குச்சீட்டை இயந்திரத்தில் விட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கெய்ல் அவள் சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "இன்னொண்ணு வேணுமாடி கண்ணு?" என்றாள். இரண்டு வாங்கிக்கொண்டாள்.

வெண்டல் திரும்பவே இல்லை. வடக்கே புல்வெளியில் தீயாம். வீட்டிலிருந்து நேரே அங்கே போயிருக்கிறான். வந்தபோது வாக்குப்பதிவு முடியும் ஏழு மணி தாண்டிவிட்டது. முகமெல்லாம் கரி. கதவை மூடியவள் நான்தான்.

"வரிசையில இல்லாதவங்களை விடக்கூடாது, அப்படித்தானே?" என்றான்.

"ஆமாம்."

"அது சரி. சட்டம்னா சட்டம்."

வாக்காளர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே வெற்றிடம்.

நவம்பர் 9, புதன்

சாப்பிடவில்லை.

நவம்பர் 12, சனி

போய்ச் சொல்லிவிட்டேன். மாட்டுக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தான். அட்டை அங்கே செல்லாது, எனக்கு அது தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன் என்றேன். மாவட்ட அலுவலகத்திலும் சொல்லப்போகிறேன் என்றேன்.

தீவனம் அள்ளும் கவைக்கோலைச் சாய்த்து வைத்தான்.

"அப்பா காலத்துலேருந்து எங்க வீட்டுல ஒரு தேர்தலும் விட்டதில்ல."

"தெரியும்."

"எதுக்கு செஞ்ச?"

ஒருத்திக்காக என்றேன். பெயரைச் சொல்லவில்லை. துப்பாக்கி பார்த்தால் மூச்சு நின்றுவிடுகிற ஒருத்திக்காக. முதல் ஓட்டு.

மீதித் தீவனத்தையும் அள்ளிப் போட்டு முடித்தான். பிறகு மெதுவாக, அதனால்தான் இன்னும் காதில் கிடக்கிறது: "அன்னிக்கு வேலிகிட்ட என்ன சொன்ன? மூடிக்கோன்னு சொன்ன. எடுத்து வச்சுட்டு வான்னு நீ கேக்கவே இல்லையே, லினெட். ஊர்ல இருக்கற ஆபீஸ் எல்லாம் கேட்ட. என்னைக் கேட்டிருந்தா வச்சுட்டு வந்திருப்பேன். ஓட்டும் போட்டிருப்பேன்."

வந்திருப்பானா? இப்போது அப்படிச் சொல்வது சுலபம். வந்திருக்கவும் கூடும். இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

நவம்பர் 21, திங்கள்

மாவட்ட அலுவலகத்தில் சொன்னேன். "யாரும் புகார் குடுக்கலையே, விடுங்க" என்றார்கள். அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். மாரிசோலுக்கு ஒன்றும் தெரியாது. பணப்பெட்டியில் அந்த ஸ்டிக்கரை ஒட்டிவைத்திருக்கிறாள். எனக்குக் குழம்பு கூடுதலாக ஊற்றுகிறாள்.

நவம்பர் 29, செவ்வாய்

இரவெல்லாம் பனி. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரம். குளிர்காலம் தவறாமல், நான் எழுவதற்குள் வெண்டலின் பிக்கப் வந்து என் பாதையில் பனியை வழித்துவிட்டுப் போயிருக்கும். அவன் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று பாதை அப்படியே கிடந்தது. மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பாதி தூரம்கூட அள்ளியிருக்க மாட்டேன், வண்டிச் சத்தம். என் வாசலுக்கு எதிரே நின்றது. முன்னால் உள்ள, பனி வழிக்கும் தகடு தூக்கியபடியே இருந்தது. கண்ணாடியை இறக்கினான்.

"வழிக்கணுமா?"

மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினேன்.

"ஆமாம், வெண்டல். வழிச்சு விடேன்."

தகடு இறங்கியது.