தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

அன்பு மகளுக்கு, இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அதாவது நான் நலம், அவருக்கு வாய் மட்டும் நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

அப்பாவின் ரத்த அழுத்தம் எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. டாக்டரம்மா, சின்ன வயசில் வீடு எப்படி என்று கேட்டார். இவர் ராஜா மாதிரி வளர்ந்தேன் என்று அளந்தார். நான் விட்டேனா? அவர் அப்பா குடித்துவிட்டு வந்த நாளெல்லாம் இந்த ராஜாவைச் சாமான் அறையில் தள்ளி வெளியே தாழ் போட்டதைப் போட்டு உடைத்தேன். "அதெல்லாம் முடிஞ்சு போன கதைங்க" என்று இவர் மழுப்ப, "உங்களுக்கு முடிஞ்சிருச்சு, உங்க இதயத்துக்கு யாரும் சொல்லல போல" என்றாரே டாக்டரம்மா, பார்க்கலாம். பிள்ளை வயதில் ஓயாமல் பயந்த உடம்பு வளர்ந்த பிறகும் ஓடத் தயாராகவே நிற்கக்கூடுமாம், அது மெல்ல மெல்ல ரத்தக்குழாயைக் கெடுக்குமாம். ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுகிற மனுஷன் நம் வீட்டில் ஓர் அறைக்கும் தாழ்ப்பாள் வைக்கவில்லை என்று நீ பெரியவளான புதிதில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாயே, ஆள் இருப்பது தெரிய மூன்று பேரும் பாடிக்கொண்டே குளித்தோமே, காரணம் அந்தச் சாமான் அறைதான். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், டாக்டருக்கே தெரிந்த பிறகு உனக்கென்ன.

ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா, ஆபரேஷன் தேவையா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய் மாதிரி இயந்திரம், கனத்த கதவு. கதவு மூடியதுதான் தாமதம், முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு வரவேற்பறை வரை ஓடி வந்துவிட்டார், மானம் கப்பலேறியது. நான் சிரித்தேன், "வெளியே பூட்டிட்டாங்களா" என்று அவர் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கூட்டிப்போனேன். அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்ட முடியாது என்று தானே சோதித்த பிறகுதான் படுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு! நீ சோப்புப் போடும்போது கத்துவாயே, அதே பாட்டு, அதே தப்பான ராகம். ஸ்கேன் எடுக்கும் பெண் மைக்கில் "ஐயா அசையக் கூடாது, பாடாதீங்க" என்றாள். "உள்ள ஆள் இருக்குன்னு தெரிய வேண்டாமாம்மா" என்றார். "தெரியுதுங்கய்யா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். அதன் பிறகு அசையவே இல்லை.

அடைப்பு இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். டாக்டரம்மா தைரியமாகத்தான் பேசுகிறார், நான்தான் கோவில் கோவிலாக ஏறி இறங்குகிறேன். தாழ்ப்பாள் இருந்தும் நீ பாடிக்கொண்டே குளிக்கிறாய் என்று குறை சொல்லும் மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடுவதற்குள் போன் செய்து அவர் காதில் அந்தப் பாட்டைப் பாடிவிடு. இந்த முறை மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், அவரால் பாட முடியாது.

ஆசிகளுடன்,
உன் அம்மா