நாத்தனார் முடிச்சு

தெரணியகலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விஜயகலா எழுதுகிறேன். நானும் சுமனும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியை டொக்டரிடம் காட்டினீர்களா, இல்லை வழக்கம்போல் தைலத்தோடு சமாளிக்கிறீர்களா? மேல் லயத்துக் கிருஷாந்த் லீவு முடிந்து வியாழக்கிழமை டோஹா திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு குரல்பதிவு போட, நான் ஒன்று போட, இருவருமே பாதியைத்தான் கேட்கிறோம். கடிதம் என்றால் கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை அச்சகத்து அப்துல் ரஸாக் நானா எனக்குக் கோல் எடுத்தார். "டீச்சர், கஜேந்திரன் தம்பி கட்டார்லேந்து பேசினாரு. கார்ட்ல புஷ்பம்ங்கிற பேர எடுக்கச் சொல்றாரு. நீங்க போடச் சொல்றீங்க. ஒரு கலியாணத்துக்கு ரெண்டு கார்ட் அடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக பஸ் ஏறி அவர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அழைப்பிதழ் திறந்திருந்தது. மணமகன் சுமன், மணமகள் றக்வான தர்மிளா. கீழே, அன்புடன் அழைக்கும் அண்ணன் கஜேந்திரன், அக்காமார் விஜயகலா, புஷ்பம். நான் அப்படியே அடிக்கச் சொன்னேன். அடித்தாகிவிட்டது. உங்கள் பெயருக்கு நேர் கீழே அவள் பெயர் இருக்கிறது. இதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன மாதம் வந்த டிஎன்ஏ முடிவை நானும்தான் வாசித்தேன். சோதனைக்கு எச்சில் எடுத்து அனுப்பியவளே நான்தான். எனக்கும் புஷ்பத்துக்கும் இரத்த உறவு இல்லை. நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளையை அம்மா தத்துக்குக் கொடுத்தது உண்மை, அப்பா நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் அது. இரத்தினபுரியிலிருந்து வந்த அந்தத் தரகுப் பெண், அம்மாவின் பெயர் போட்ட பத்திரத்தோடு வேறு யாரோ பெற்ற பிள்ளையை ஹொலண்டுக்கு அனுப்பியிருக்கிறாள். நம்முடைய பிள்ளை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இதுதான் நடந்தது. இதற்காக, அந்தப் பத்திரத்தை வைத்து நம்மைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில் நம்மை அக்கா, அண்ணா, தம்பி என்று கூப்பிட்டவளை இனி யாரோ என்று சொல்ல என்னால் முடியாது.

போன ஓகஸ்டில் அவர்கள் குடும்பமே வந்தபோது நீங்கள் இங்கே இல்லை. வீடியோவில் பார்த்தது வேறு. அவளை வளர்த்த அம்மா அன்னெகவுக்கு எழுபத்தொரு வயது. பிள்ளைகள் ஏழு பேர். கொரியாவிலிருந்து இரண்டு, கொலம்பியாவிலிருந்து மூன்று, எத்தியோப்பியாவிலிருந்து ஒன்று, நம்முடைய புஷ்பம். எல்லோரும் நரைக்கத் தொடங்கியவர்கள், ஆனாலும் ஜன்னலோரத்து சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். பஸ் கண்டக்டர், "வெள்ளைக்கார நோனா, இது டூரிஸ்ட் கூட்டமா, கிரிக்கெட் டீமா" என்று சிங்களத்தில் கேட்டார். வந்து இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் அன்னெக ஒரு தாளில் கட்டம் போட்டுக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டார். யார் எந்த வேளை பாத்திரம் கழுவுவது, யார் தண்ணீர் தூக்குவது, யார் கூட்டுவது. அவர்கள் வீட்டில் நாற்பது வருடமாக அப்படித்தானாம். சுமனுக்கு செவ்வாய் இரவு, எனக்கு வியாழன் காலை. விருந்தாளி வீட்டுக்காரியை வேலைக்குப் போடுகிறாள் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவின் பெயர் மட்டும் அதில் இல்லை. அம்மா அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்ட பிறகு, வெள்ளி காலை அவருக்கும் கிடைத்தது.

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் மூக்காயி அக்காவை உங்களுக்குத் தெரியுமே. இரண்டாம் நாளே வந்து உட்கார்ந்துகொண்டு, "ஏன் டீச்சர், இத்தன கலர்ல இருக்குதுகளே, இதுல அந்தம்மா சொந்தமா பெத்தது எது, கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்கத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். புஷ்பமே சிரித்துக்கொண்டு போய்க் கேட்டாள். அன்னெக குசினியை எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பாத்திரம் கழுவாமல் யார் தூங்குகிறானோ அவன் மட்டும் என் வயிற்றில் பிறந்தவன் இல்லை என்றார். நான் தமிழில் சொன்னதும், "அப்படிப் பாத்தா எனக்கு நாலு பெத்தும் ஒன்னுமே இல்லையே சாமி" என்று மூக்காயி அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை லயத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்தில் இரண்டு விசேஷ நாட்கள். ஒன்று பிறந்த நாள். அது பத்திரத்தில் சரியாக எழுதப்பட்டதா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. மற்றது வந்த நாள், வீட்டு வாசலுக்குள் தூக்கிக்கொண்டு வந்த நாள். வந்த நாளில்தான் கொண்டாட்டம் பெரிது. அன்றைக்குச் சமையல் அந்தப் பிள்ளை கேட்பது, பாத்திரம் மற்றவர்கள் பாடு. அதைக் கேட்ட அம்மா விரல்விட்டு எண்ணி, ஓகஸ்ட் ஒன்பது இந்த வீட்டுக்குப் புஷ்பம் வந்த நாள் என்று கலண்டரில் என்னை வட்டம் போட வைத்தார்.

இப்போது எழுதப்போவதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அவர்கள் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி, புஷ்பத்தைக் குறுக்குக்கட்டோடு தண்ணீர் விழும் பீலிக்குக் கூட்டிப்போய்த் தலை முழுக வார்த்தார். சீயக்காய்ச் சட்டியோடு நான் பக்கத்தில் நின்றேன். கொடுத்த பிள்ளையின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் கறுப்பு மச்சம் இருந்ததை அம்மா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா முதுகில் வழிந்த நுரையைக் கையால் வழித்தார். கை அந்த இடத்தில் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். பிறகு அம்மா இன்னொரு வாளியைப் பிடித்து ஊற்றி, "தண்ணி குளுருதா புள்ள?" என்று கேட்டார்.

மத்தியானம் நான் மெதுவாகப் பேச்செடுத்தேன். முடிக்க விடவில்லை. "டீச்சரம்மா, ஒங்க பாடத்த நீங்க பாருங்க. எம் புள்ள தலைய நான் தொடச்சிக்கிறேன்" என்றார். ஜனவரியில் சாகும்வரை அதைப் பற்றி வேறொரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, அம்மா ஏமாந்துபோனார் என்று நீங்கள் குரல்பதிவில் சொன்னது தவறு, அண்ணே. அம்மா யாரிடமும் ஏமாறவில்லை. தெரிந்தே வைத்துக்கொண்டார். ஹொலண்டில் ஒரு அம்மா செய்ததைத்தான் இங்கே நம் அம்மாவும் செய்தார். அவருக்குப் பத்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அம்மா உள்ளே கூட்டிவந்தவளை வெளியே அனுப்பும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

முடிவு வந்த அன்று புஷ்பம் கோல் எடுத்தாள். படித்து வைத்திருக்கும் தமிழில், "அக்கா, நான் இன்னும் வரலாமா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்து அன்னெக போனை வாங்கி, எங்கள் மேசையில் யாரும் சோதனை எழுதிவிட்டு உட்காரவில்லை என்றார். நான் அவரிடம் சொன்னது இதுதான்: எங்கள் வீட்டில் மேசை இல்லை, பாய்தான், ஆனால் சட்டம் அதேதான்.

தாலி விஷயம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது நம் வழக்கம். புஷ்பம் வேண்டாம், சித்தப்பா மகள் போடட்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். சுமனுக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இதே வீட்டில் இருக்கிறாள். அவளை நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. என் வீட்டுக்காரர் றப்பர் மலையில் மரம் விழுந்து போய் ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் எத்தனை கலியாண வீட்டில் பின்வரிசைக் கதிரையை நானே தேடிப்போய் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை, இருக்கச் சொன்னதும் இல்லை. இரத்தம் இருக்கிறவளுக்குத் தாலி இல்லை, புருஷன் இருக்கிற புஷ்பத்துக்கு இரத்தம் இல்லை. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் முடிச்சுப் போடக் கை மிஞ்சாது.

சுமனிடம் கேட்டேன். "எங் கலியாணத்துல என் அக்காமாரு ரெண்டு பேரும் மணவறையில எனக்குப் பின்னுக்கு நிக்கணும். இல்லாட்டி நான் பதிவுக் கந்தோர்லயே கையெழுத்தப் போட்டுட்டு வந்துர்றேன்" என்றான். றக்வானக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று நீங்கள் பயப்படுவதால் தர்மிளாவிடமும் கேட்டேன். "யாரு போட்டாலும் அவுராம இருந்தா சரிங்க அண்ணி" என்றாள். அந்தப் பெண் இந்த வீட்டுக்குச் சரியாக வருவாள்.

அதனால் முடிவு இது. முதல் முடிச்சு சுமன். இரண்டாவது புஷ்பம். மூன்றாவது நான். பட்டுச்சேலைகூட எடுத்துவிட்டேன், பச்சைக்கரை போட்டது.

அண்ணே, இன்னொன்று. அம்மா கொடுத்த அன்று, பஸ் ஹோல்ட்வரை அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தான். உங்களுக்கு ஒன்பது வயது. துணியை இறுக்கிச் சுற்றி, வெயில் படாமல் உங்கள் சட்டையால் மூடிக்கொண்டு போனீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வருடமாக, நான் தூக்கிய பிள்ளை பிழைத்து வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அந்தத் தாள் வந்து அதைப் பறித்துவிட்டது. உங்கள் கோபம் புஷ்பத்தின் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் பிள்ளையை இன்னும் தேடுகிறோம். வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் ஊராக எழுதித் தேடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? புஷ்பம்தான். தன்னைப் பெற்றவளைத் தேடுவதற்கு முன், தன் பெயரை முதலில் வைத்திருந்தவளைத் தேடுகிறாள்.

கலியாண வாரத்துக்கு அன்னெக புதிய தாள் ஒன்று அனுப்பியிருக்கிறார். குசினிச் சுவரில் பழையதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் பெயரும் இருக்கிறது. கலியாணத்துக்கு மறுநாள் காலை, பெரிய சட்டிகள், புஷ்பத்தோடு சேர்ந்து. லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சண்டை போட்டாவது வாங்குங்கள். நீங்கள் வராவிட்டால் அந்தச் சட்டிகளை நானே கழுவிவிடுவேன். பெயரை மட்டும் அழிக்கமாட்டேன்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல சுகத்தோடு வீடு வந்து சேர, கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைமாரில் ஒருத்தி,
விஜயகலா