புதிதாகச் சீவிய துண்டு

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றே எழுதுகிறாய்; மருந்து ஏற்றிய வாரத்திலும் அதே வரிதான். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

பயப்படும்படி எதுவுமில்லை, ஆய்வகத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். உனக்கு வந்த அதே சினைப்பைப் புற்றுக்கு, கட்டியில் ஒரு புரதம் இருந்தால்தான் புது மருந்து கேட்கும். சாயமேற்றினால் அது பழுப்பாகத் தெரியும். இந்த வாரம் பார்த்த அத்தனை கட்டித் துண்டுகளும் வெளுப்பு. எல்லாருக்குமா இல்லாமல் போகும்? முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், பிறகு சாயத்தை.

"பச்சத் தண்ணியக்கூட ஊதித்தான் குடிப்பீங்க சார்" என்று உடன் வேலை செய்யும் பெண் கேலி செய்தாள்.

"இருக்கட்டும்மா. ஒண்ணே ஒண்ணு புதுசா சீவிப் பாத்துடலாம்" என்றேன்.

கட்டியைப் பதித்து வைத்திருக்கும் மெழுகிலிருந்து புதிதாகச் சீவிச் சாயமேற்றினோம். நல்ல பழுப்பு! அறுவை முடிந்ததுமே சீவி, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த துண்டுகளில் புரதம் மங்கிவிட்டிருக்கிறது. அவள் அடுத்த மெழுகை எடுத்தாள்.

உனக்குப் புரதம் இல்லை, அந்த மருந்து பயன்படாது என்றார்களே, எந்தத் துண்டைப் பார்த்துச் சொன்னார்கள்? உன் தம்பியை அனுப்பிக் கேள். உன் மெழுகு ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். புதிதாகச் சீவிப் பார்க்கச் சொல். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் கேட்கச் சொல்.

மூக்குக்கண்ணாடி துடைக்க நீ தைத்துக் கொடுத்த துணி நைந்துவிட்டது. இன்னொன்று அனுப்பு. பெரியவளிடம் கொடுக்காமல் நீயே தை. ஏற்றிய மருந்தால் விரல் மரத்துப்போயிருந்தால் தையல் கோணும்; நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் சந்தேகப் பிராணி