அவன் மெஷினில் பச்சை, என் மெஷினில் சிவப்பு

பிப்ரவரி 3

மறுபடியும் உறைந்துவிட்டது. படுத்த நோயாளியைத் தூக்கி நாற்காலியில் வைக்கும் கருவிதான் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். அதன் இரும்புக் கை எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடச் சொன்னால் என் லேப்டாப் பாதியிலேயே படுத்துவிடுகிறது. எட்டு ஜிபி மெமரி. சாஃப்ட்வேர் கேட்பது நாலு மடங்கு.

அத்தான் எட்டிப் பார்த்தார். "போட்டோவை எல்லாம் அழிச்சுடு, பறக்கும்." போட்டோ அடுக்கும் அலமாரி நிறைந்திருப்பதற்கும் மெமரி என்கிற வேலை மேஜை சின்னதாக இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அக்காவின் லேப்டாப்பிலும் இப்படித்தான் அழித்தார். பறந்தது, கல்யாண ஆல்பம்.

பிப்ரவரி 5

எங்கள் குழுவுக்குத் தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவனிடம் கம்ப்யூட்டரைக் கேட்கப் போனேன். பெரிய மெஷின், கீபோர்டு முழுக்கக் கலர் விளக்கு. அதில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இதைத் தர முடியாது, செட்டிங்ஸ் மாறிடும். நான்தான் ரன் பண்ணிட்டேனே, எல்லாம் பச்சை, எடை தாங்கும். நீ ரிப்போர்ட்ல ஸ்பெல்லிங் பாரு."

ஸ்பெல்லிங்கையும் பார்த்தேன், கணக்கையும் பார்த்தேன். இரும்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கணக்கிட வேண்டும். நம் தலைவரோ விறகு பிளக்கிற மாதிரி பெரிது பெரிதாக வெட்டியிருக்கிறார். வெல்டிங் மூலை ஒரே துண்டுக்குள் காணாமல் போயிருக்கிறது. பச்சையாக வராமல் என்ன செய்யும்? சீக்கிரம் முடிந்தால்தானே சீக்கிரம் கார் ஓட்டலாம்.

பிப்ரவரி 9

கடைக்காரர் என் லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல ஏத்த முடியாதும்மா, புதுசா வாங்கிடுங்க." முதுகுக்குப் பின்னால் புதுசாக அடுக்கி வைத்திருப்பவர் வேறென்ன சொல்வார்? மெமரி செருக இரண்டு ஸ்லாட் இருப்பது எனக்குத் தெரியும். வகையைச் சொல்லி, பதினாறு ஜிபியில் இரண்டு கேட்டேன். சொத்தை எழுதித் தருகிற முகத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 10

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். அக்கா டார்ச் பிடித்தாள். அத்தான் "வாரண்டி போயிடும்" என்று கதவோரம் நின்று வகுப்பெடுத்தார். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பழசை எடுத்து, புதுசைச் சரித்துச் செருகினேன். எல்லாம் மாட்டி ஆன் பண்ணினால் — கறுப்புத் திரை. நானே கெடுத்துட்டேனா?

அத்தான் சிரித்தார். "நீங்க உள்ள போங்க" என்றாள் அக்கா.

திரும்பப் பிரித்து, கிளிப் 'டக்'கென்று பிடிக்கும்வரை அழுத்தினேன். வந்தது. முப்பத்திரண்டு.

பிப்ரவரி 12

சிவப்பு.

நம்பாமல், வெல்டிங் வளைவைச் சேர்த்து, இன்னும் பொடியாக வெட்டியும் ஓட்டினேன். அதே சிவப்பு. அந்த மூலை தாங்காது. நாளை மறுநாள் டெமோவில் அதில் உட்காரப்போகிறவர் லேப் உதவியாளர் அண்ணன்.

பிப்ரவரி 13

தலைவர் சொன்னது: "சார் கையெழுத்தே போட்டுட்டார். இப்பப் போய்க் குட்டையைக் குழப்பாதே." ப்ராஜெக்ட் கைடு சார் சொன்னது: "பச்சை அழகாத்தானே இருக்கு?" அழகாம். ஒரு ஆள் கீழ விழப்போறார், இவங்களுக்குக் கலர் பிடிச்சுப்போச்சு. படிச்சவங்களாம். தூ.

நேராக லேப் அண்ணனிடம் போய்ச் சிவப்புப் படத்தைக் காட்டினேன். "நீங்க உட்காராதீங்கண்ணா. முதல்ல மணல் மூட்டை வைங்க."

"அந்தத் தம்பி சத்தம் போடுமே?"

"போடட்டும்."

பிப்ரவரி 14

மூன்றாவது மூட்டையில் இரும்புக் கை மடங்கியது. மூட்டை கிழிந்து சாரின் ஷூ மேல் மணல். லேப் அண்ணன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். தலைவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

மார்ச் 2

தலைவர் வந்து நின்றான். "எப்படி வெட்டணும்னு சொல்லிக் குடு." ஒரு தடவைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டான். மூளை இருந்திருக்கிறது. இத்தனை நாள் எங்கே அடகு வைத்திருந்தானோ.

மார்ச் 20

புதுக் கை. எல்லா மூட்டையும் ஏற்றி இறக்கியாயிற்று. அடுத்து ஆள் உட்கார வேண்டும். யார் என்று சார் கேட்டு முடிப்பதற்குள் தலைவர் போய் உட்கார்ந்துவிட்டான். நான்தான் பெல்ட் மாட்டினேன். ரிமோட்டும் என் கையில்.

"மெதுவாத் தூக்கு" என்றான், என்னைப் பார்க்காமல்.

மெதுவாகத்தான் தூக்கினேன்.